இலஞ்சி வயலில் கருமந்தி

எங்கள் மதினி செங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அவருடைய தோழி ஒருவர் தமிழக-கேரள எல்லையான கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கம், ஆரியங்காவுக்கு அருகில் பாடம் நடத்துகிறார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். கணவாயின் இருபுறமும் வாழும் நாற்பது உயிர்களுக்கு ஒரு பெரிய சுவர்ப்படம் தயாரித்து இரண்டு பள்ளியிலும் தொங்கவிடுவது. ஒவ்வொரு உயிருக்கும் அறிவியல் பெயர், தமிழ்ப் பெயர், மலையாளப் பெயர், எந்தப் பக்கம் பதிவாகியிருக்கிறது, எந்த மாதங்களில் என்று ஐந்து கட்டம்.

"நீ சும்மா கம்ப்யூட்டரத்தான உருட்டிக்கிட்டு இருக்க. ரெண்டு நாள்ல முடிச்சிரலாம்லா தம்பி" என்றார் மதினி.

ஐந்து வாரம் ஆனது. என்ன செய்தேன், எங்கே சறுக்கினேன் என்பதை எழுதி வைக்கிறேன். இதே மாதிரி வேலையில் இறங்குகிறவருக்கு மூன்று வாரமாவது மிச்சமாகலாம்.

வலைப்பக்கங்களிலிருந்து நிரல் வைத்துத் தகவலை உருவி எடுப்பதை ஸ்கிரேப்பிங் என்கிறார்கள். தமிழில் சுரண்டல் என்று எழுதினால் வேறு வழக்குக்குப் போய்விடும், அதனால் ஸ்கிரேப்பிங் என்றே விடுகிறேன். என் கையில் இருந்தது பைதான், அதில் பக்கத்தை இறக்க ரிக்வெஸ்ட்ஸ், இறக்கியதைப் பிரித்து மேய பியூட்டிஃபுல்சூப். இதைவிடப் பெரிய கருவியான ஸ்கிரேப்பியையும் தொட்டுப் பார்த்தேன். அதில் புதிதாக ஒரு திட்டம் தொடங்கினால், எந்தப் பக்கங்களை நிரல்கள் தொடலாம் என்று சொல்லும் தளத்தின் ரோபாட்ஸ் கோப்பை மதித்து நடக்கும் அமைப்பு தானாகவே இயங்கு நிலையில் வரும். நல்ல பழக்கம்தான். ஆனால் நாற்பது உயிருக்கு அது அம்மி கொத்த ஜேசிபி கொண்டுவந்த மாதிரி. விட்டுவிட்டேன்.

முதலில் பெயர்கள். தமிழ் விக்கிப்பீடியாவிலும் மலையாள விக்கிப்பீடியாவிலும் உயிரினக் கட்டுரைகளின் வலது மேல் மூலையில் ஒரு பெட்டி இருக்கும். திணை, தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், இனம் என்று அடுக்கி வைத்த பெட்டி. பார்க்க அட்டவணை மாதிரியே இருப்பதால் அதிலிருந்து எடுப்பது சுலபம் என்று நினைத்தேன். முதல் கோரிக்கைக்கே 403, அதாவது அனுமதியில்லை என்று கதவைச் சாத்தினார்கள். காரணம் எளிது. யார் நீ, எதற்கு வந்திருக்கிறாய், தொடர்புகொள்ள முகவரி என்ன என்று நிரல் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது விக்கிமீடியாவின் விதி. நான் பைதான் தானாக இடும் வெறும் அடையாளச் சீட்டோடு போய் நின்றிருந்தேன். கோரிக்கையின் தலைப்பில் (ஹெடர்) திட்டத்தின் பெயரையும் மின்னஞ்சலையும் எழுதியதும் கதவு திறந்தது.

பெட்டியைப் பிரித்து நாற்பது வரிசை எடுத்தேன். அழகாக வந்தது. அந்த அழகுதான் பின்னால் இரண்டு இடத்தில் என்னைக் கவிழ்த்தது.

முதல் கவிழ்ப்பு எழுத்துகளில். இரண்டு இடங்களிலிருந்து எடுத்த பெயர்ப் பட்டியல்களை ஒப்பிட்டு, ஒரே பெயர் இருமுறை வந்தால் ஒன்றை நீக்கச் சொல்லியிருந்தேன். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் 'கொண்டலாத்தி' இரண்டு வரிசையிலும் அப்படியே நின்றது. நீக்க மறுத்தது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 'க'வோடு ஒகரக் குறி என்ற ஒற்றைக் குறியைச் சேர்த்து எழுதலாம். அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகச் சேர்த்து எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. பைதானில் இதைச் சீராக்க யூனிகோட்டேட்டா என்ற தொகுப்பு உண்டு. அதில் என்எஃப்சி என்ற முறைக்கு எல்லாச் சொல்லையும் மாற்றியபின் கொண்டலாத்திகள் ஒன்றாயின. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. 'ஔ' எழுத்துக்குப் பதிலாக 'ஒ'வையும் 'ள'வையும் அடித்து வைத்திருப்பவர்களை மட்டும் என்எஃப்சியாலும் காப்பாற்ற முடியாது. அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

அப்புறம், அட்டவணையைச் சேமித்த சிஎஸ்வி கோப்பை மதினி எக்செலில் திறந்தபோது தமிழ் முழுவதும் குப்பைக் குறிகளாக வந்தது. யுடிஎஃப் எட்டு என்று சேமித்தால் போதாது, கோப்பின் தலையில் ஒரு சிறு அடையாளம் வைக்கும் யுடிஎஃப் எட்டு சிக் என்ற வகையில் சேமிக்க வேண்டும். இது பல பேர் விழுந்து எழுந்த பள்ளம். நான் மூன்றாவது முறையாக விழுந்தேன்.

இரண்டாவது கவிழ்ப்பு சுவாரசியமானது. அதைச் சொல்வதற்கு முன், யார் எங்கே பார்த்தார்கள் என்ற பதிவுகள் எங்கிருந்து வருகின்றன என்று சொல்ல வேண்டும். ஜிபிஐஎஃப் என்று ஒரு பன்னாட்டு அமைப்பு. 2001-இல் தொடங்கியது, செயலகம் கோபன்ஹேகனில். உலகெங்கும் உள்ள அருங்காட்சியக மாதிரிகள், ஆய்வுப் பதிவுகள், ஐநேச்சுரலிஸ்ட், ஈபேர்டு போன்ற தளங்களில் பொதுமக்கள் இடும் பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே வடிவத்தில் திரட்டித் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தளத்தின் பக்கங்களையும் நான் முதலில் பியூட்டிஃபுல்சூப்பால் பிரிக்கப் பார்த்தேன். வெறும் கூடுதான் வந்தது. பக்கம் திறந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் போய்த் தகவலை வாங்கிவந்து நிரப்புகிறது. உலாவியில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை மறுபடி ஏற்றினால், அது எந்த வாசலில் போய்க் கேட்கிறது என்று தெரிந்துவிடும். அந்த வாசல்தான் ஏபிஐ. அங்கே நேராகப் போய்க் கேட்டால் நிரல் படிக்க ஏற்ற ஜேசன் வடிவில் சுத்தமாகத் தருகிறார்கள். கூரையைப் பிரித்துக்கொண்டு இறங்கியவன் வாசற்கதவு திறந்துதான் கிடக்கிறது என்று கண்ட மாதிரி இருந்தது எனக்கு. இதுபோன்ற பொது அறிவியல் தளங்களில் பத்துக்கு எட்டிலாவது இப்படி ஒரு வாசல் இருக்கும் என்பது என் அனுபவக் கணக்கு. முதலில் அதைத் தேடுங்கள்.

பெயர்களுக்கும் அதே கதைதான். விக்கித்தரவு என்ற விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டத்தில் ஒவ்வொரு உயிருக்கும் ஒரு பதிவு இருக்கிறது. பி225 என்ற கூறில் அறிவியல் பெயர், பி1843-இல் மொழிவாரியாகப் பொதுப் பெயர், பி846-இல் ஜிபிஐஎஃப் எண். ஒரே வினவலில் மூன்றும் வந்துவிடும். பெட்டியைப் பிரித்துக்கொண்டு கிடந்த நான்கு நாளை நினைத்துக் கொஞ்சம் வயிறு எரிந்தது.

சரி, இரண்டாவது கவிழ்ப்பு. ஜிபிஐஎஃப்பில் ஒரு பெயரைக் கொடுத்தால், அது எந்த உயிர் என்று பொருத்திப் பார்த்து ஓர் எண் தருவார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் பதிவுகளைக் கேட்க வேண்டும். விக்கித்தரவைக் கண்டுபிடிப்பதற்கு முன், விக்கிப்பீடியாப் பெட்டியிலிருந்து எடுத்த பெயர்களை அப்படியே கொடுத்திருந்தேன். கூடவே திணை விலங்கு என்றும் சொல்லியிருந்தேன். கருமந்திக் குரங்குக்கு வந்த பதிவுகள் 300, 300 என்று பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருந்தன. ஒரு கோரிக்கைக்கு 300தான் தருவார்கள், அடுத்த 300-க்கு மறுபடி கேட்க வேண்டும். எங்கள் ஊர்க் காட்டில் இத்தனை கருமந்தியா என்று முதலில் பெருமையாகக்கூட இருந்தது. திறந்து பார்த்தால் கொக்கு, மைனா, தட்டான், நத்தை.

நடந்தது இதுதான். விக்கிப்பீடியாப் பெட்டியில் இனம் என்ற வரியில் பேரினப் பெயரை முதல் எழுத்தோடு சுருக்கி ஒரு புள்ளி வைத்துவிடுவார்கள். மனிதருக்கு மேல் வரியில் பேரினம் தெரியும், அதனால் சிக்கலில்லை. என் நிரல் அந்தச் சுருக்கத்தைத் தூக்கிக்கொண்டு போனது. ஜிபிஐஎஃப்பால் இனத்தை அடையாளம் காண முடியவில்லை. ஆனால் விலங்கு என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா? அந்த மட்டத்துக்காவது பொருந்துகிறதே என்று விலங்குத் திணையின் எண்ணைக் கொடுத்தது. அந்த எண் 1. நான் கணவாயைச் சுற்றியுள்ள சதுரத்தில் பதிவான சகல பிராணிகளையும் கேட்டிருக்கிறேன்!

தவறு அவர்கள் மேல் இல்லை. பதிலிலேயே பொருத்தத்தின் வகை என்று ஒரு கூறு இருக்கிறது. சரியான பொருத்தம், எழுத்து சற்று மாறிய பொருத்தம், மேல்மட்டப் பொருத்தம், பொருத்தமில்லை என்று நான்கில் ஒன்றைச் சொல்லும். நான் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அதைப் படிக்காமல் வந்துவிட்டேன். பிறகு, முதல் வகையாக இல்லாத எதுவும் கையால் சரிபார்க்கும் பட்டியலுக்குப் போகும்படி மாற்றினேன்.

கருமந்தி அத்தோடும் விடவில்லை. சிலர் அதை ட்ராக்கிபித்தெக்கஸ் என்ற பேரினத்தில் வைக்கிறார்கள், சிலர் செம்னோபித்தெக்கஸ் என்ற பேரினத்தில். பின்பாதிப் பெயர் இரண்டிலும் ஒன்றுதான். ஆக ஒரே குரங்கு என் அட்டவணையில் இரண்டு வரிசையாக நின்றது. ஜிபிஐஎஃப் ஒரு பெயரை ஏற்கப்பட்ட பெயர் என்றும் மற்றதை இணைப்பெயர் என்றும் குறித்து, ஏற்கப்பட்டதன் எண்ணையும் தருகிறது. எல்லாவற்றையும் அந்த எண்ணுக்கு மாற்றிக்கொண்ட பிறகு குரங்கு ஒன்றானது. மலையாளத்தில் கரிங்குரங்கு என்பார்கள். தோழி டீச்சர் சொன்னார், "எங்கட பக்கத்துல வயசான தமிழ்க்காரங்க இப்பவும் கருமந்தின்னுதான் சொல்வாங்க." அந்த வழக்கு நான் பார்த்த எந்தத் தளத்திலும் இல்லை, சுவர்ப்படத்தில் சேர்த்துக்கொண்டோம்.

எந்தப் பக்கம் என்ற கட்டம்தான் என்னை அதிக நாள் பிடித்து வைத்தது. ஒவ்வொரு பதிவிலும் மாநிலம் என்று ஒரு கூறு உண்டு. அதை வைத்தே பிரித்துவிடலாம் என்று நம்பினேன். பிரித்துப் பார்த்தால் கேரளா, தமிழ்நாடு என்பவை போக, பல எழுத்துக்கூட்டல்கள், வெற்றிடங்கள், நடுவில் திருவிதாங்கூர். மாநிலக் கூறு என்பது பதிந்தவர் எழுதியதை எழுதியபடி வைத்திருப்பது. பழைய அருங்காட்சியக மாதிரிகளின் சீட்டில் திருவிதாங்கூர் என்றால் அது கேரளா என்று நிரலில் எழுதிவிட்டு நகர்ந்தேன். பிறகு ராத்திரி சாப்பிடும்போது மதினியின் அப்பாதான் சாதாரணமாகச் சொன்னார், "நாங்க பொறந்தப்ப செங்கோட்டையே திருவிதாங்கூர்தானடே." 1956 நவம்பர் 1-இல்தான் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 1933-இல் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தபோது எங்கள் வீடு இருக்கும் தெருவும் அந்த சமஸ்தானத்துக்குள்தான். சொந்த ஊரின் வரலாறு தெரியாமல் ஒரு வரி நிரலில் அதைக் கேரளாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த வரியை அழித்தேன்.

மாநிலக் கூறை நம்பாமல், அட்சரேகை தீர்க்கரேகையை வைத்துப் பிரிப்பது என்று முடிவு செய்தேன். எண் பொய் சொல்லாது என்ற நினைப்பு. அப்போதுதான் கருமந்தியின் புள்ளி ஒன்று இலஞ்சி வயலுக்குள் வந்து உட்கார்ந்தது. குற்றாலத்துச் செங்குரங்கு என்றால் வாழைப்பழத்துக்காக வயல்வரை வரும். கருமந்தி சோலைக்காட்டை விட்டு இறங்கி நெல்லுக்குள் வருமா? மதினி பார்த்ததும் சிரித்துவிட்டார். நானும் யாரோ தவறாகப் பதிந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

யாரும் தவறாகப் பதியவில்லை. அழியும் நிலையில் உள்ள உயிர்களின் சரியான இடத்தை வேட்டைக்காரர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று ஐநேச்சுரலிஸ்ட் அவற்றின் இடத்தை மறைக்கிறது. எப்படி என்றால், அட்சரேகையில் 0.2 டிகிரி, தீர்க்கரேகையில் 0.2 டிகிரி கொண்ட கட்டங்களாக உலகத்தைப் பிரித்து, அந்தக் கட்டத்துக்குள் எங்காவது ஒரு புள்ளியைக் குருட்டாம்போக்கில் வைத்துவிடுகிறது. ஒரு கட்டம் ஏறக்குறைய 22 கிலோமீட்டருக்கு 22 கிலோமீட்டர். குற்றாலம் மலை, இலஞ்சி, தென்காசி, செங்கோட்டை நான்கும் ஒரே கட்டத்தில் விழுகின்றன. மலைமேல் பார்த்த குரங்கு தென்காசி பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பதாகக்கூட வரைபடம் காட்டலாம். சமவெளியில் 22 கிலோமீட்டர் பெரிய விஷயமில்லை. இங்கே அந்தத் தூரத்துக்குள் சோலைக்காடு, தேயிலை, ரப்பர், தென்னை, நெல் எல்லாம் முடிந்துவிடுகிறது. மழையே மாறிவிடுகிறது. அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது இந்தப் பக்கம் சாரல். கார்த்திகையில்தான் எங்களுக்கு நல்ல மழை.

இந்தத் தகவலும் பதிவுக்குள்ளேயே இருந்தது. இட உறுதியின்மை எத்தனை மீட்டர் என்று ஒரு கூறு, மறைக்கப்பட்டிருந்தால் ஏன் என்று சொல்லும் இன்னொரு கூறு. மறைக்கப்பட்டவற்றில் உறுதியின்மை 28, 30 கிலோமீட்டர் அளவில் நிற்கும். நான் கேட்ட கூறுகளின் பட்டியலில் இவை இரண்டும் இல்லை. இடத்தின் இரண்டு எண்ணும் தேதியும் பெயரும் போதும் என்று மற்றதையெல்லாம் இறக்கும்போதே கழித்துவிட்டேன். மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டி வந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் செய்தேன், அது முதல் நாளே செய்திருக்க வேண்டியது. வரும் பதிலைப் பிரிப்பதற்கு முன், வந்தபடியே வட்டில் சேமித்துவிடுவது. பிரிக்கும் வேலை தனி நிரல். அதில் எத்தனை முறை தப்பு செய்தாலும் அவர்கள் சர்வரைத் தட்ட வேண்டியதில்லை. இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எங்கள் ஊரில் ஆடிக்காற்று நேரத்தில் இது சின்ன விஷயமில்லை. ஒரு நாள் புளியரையில் மாமா வீட்டில் உட்கார்ந்து கைபேசி இணையத்தில் ஓட்டினேன். அங்கே கைபேசி கேரளக் கோபுரத்தைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்ததில் நிரல் நாலைந்து முறை செத்தது. ஒன்றும் இழப்பில்லை. கோரிக்கைகளுக்கு இடையே இரண்டு விநாடி விட்டேன். ஐநேச்சுரலிஸ்ட் நிமிடத்துக்கு 60 கோரிக்கைக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது, நாளைக்கு 10,000-க்குள். நாற்பது உயிருக்கு அந்தக் கூரையைத் தொடவே தேவையில்லை.

கடைசியில் உறுதியின்மை 5 கிலோமீட்டருக்கு மேல் உள்ள பதிவுகளைப் பக்கம் பிரிக்கவில்லை. 'மலைத்தொடர், பக்கம் உறுதியில்லை' என்று மூன்றாவதாக ஒரு கட்டம் திறந்தேன். உறுதியின்மைக் கூறே வெற்றாக இருந்தவற்றையும், தசமத்துக்குப் பின் ஒரே இலக்கம் உள்ளவற்றையும் அதிலேயே போட்டேன். ஒரு தசம இலக்கம் என்றால் 11 கிலோமீட்டர் வரை ஆடலாம். அட்டவணையில் அந்தக் கட்டம்தான் இப்போது பெரியது. மதினிக்கு அது பிடிக்கவில்லை. "பிள்ளைகளுக்கு உறுதியில்லைன்னு எப்படிப் பாடம் நடத்த?" என்றார். தோழி டீச்சர்தான் அது இருக்கட்டும் என்றார்.

மாதக் கட்டத்தில் என் சந்தேகம் இன்னும் பெரிது. பறவைகளின் பதிவை மாதவாரியாக எண்ணியபோது தமிழ்நாட்டுப் பக்கம் ஜனவரியில் ஒரு மேடு, கேரளப் பக்கம் ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு மேடு. வலசைப் பறவைகளை வைத்து ஒரு விளக்கம்கூட எழுதத் தொடங்கிவிட்டேன். அப்புறம் தேதிகளைப் பார்த்தேன். தமிழ்நாட்டில் பறவை பார்ப்பவர்கள் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். கேரளத்தில் ஓணத்தை ஒட்டி ஓணம் பறவைக் கணக்கெடுப்பு. பறவைகள் பொங்கலும் ஓணமும் கொண்டாடவில்லை, பார்ப்பவர்களுக்குத்தான் லீவு. குற்றாலம் சீசனில் பட்டாம்பூச்சிப் பதிவுகள் கூடியதும் அதே கதையாகத்தான் இருக்க வேண்டும். கைபேசியோடு அருவிக்கு வருகிறவர்கள் அந்த மாதங்களில்தான் அதிகம். எனவே 'இருக்கும் மாதங்கள்' என்ற தலைப்பை அடித்துவிட்டு 'பார்த்த மாதங்கள்' என்று போட்டோம்.

உரிமம் பற்றி ஒரு வரி. ஜிபிஐஎஃப் பதிவுகள் மூன்று வகைப் படைப்பாக்கப் பொதும உரிமங்களில் வருகின்றன. முழுதும் திறந்தது ஒன்று, பெயர் குறிப்பிட்டால் போதும் என்பது ஒன்று, வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது மூன்றாவது. பள்ளிச் சுவர்ப்படத்துக்கு மூன்றும் சரி. கணக்கு ஒன்று தொடங்கி முறைப்படித் தரவிறக்கம் கேட்டால் அந்தத் தொகுப்புக்கென்றே ஒரு நிலையான அடையாள எண்ணும் தருகிறார்கள். அதைப் படத்தின் கீழ் மூலையில் சிறிதாக இட்டோம்.

படத்தின் தலைக்கு இரண்டு பட்டாம்பூச்சிகள். தமிழ்நாடு 2019-இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் வலப்புறம், கேரளம் 2018-இல் அறிவித்த புத்தமயூரி இடப்புறம். கிழக்கு வலம், மேற்கு இடம், வரைபடம் போலவே. இந்த யோசனை மாணவர்களுடையது.

எல்லாம் முடிந்து கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பிளக்ஸ் அடிக்கும் கடைக்குப் போனேன். அண்ணாச்சி திறந்து பார்த்தார். திரை முழுக்கப் பெட்டி பெட்டியாக வந்தது.

"யூனிகோடா தம்பி? நம்ம கோரல் பழசு, அதெல்லாம் எடுக்காது. பாமினில மாத்திக் கொண்டாங்க."

கொம்பும் காலும் ஒற்றைக் குறியாகச் சேர அரை நாள் போராடியவன், அவை தனித்தனியாகப் பிரிந்து கிடக்கும் பழைய எழுத்துருவுக்கு நாற்பது பெயரையும் திரும்ப மாற்றினேன். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, பத்து நிமிட வேலை. மலையாளத்துக்கு அண்ணாச்சியிடம் எழுத்துருவே இல்லை. அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டு அடிக்கச் சொல்லிவிட்டோம்.

பிளக்ஸைச் சுருட்டிக்கொண்டு மதினியும் நானும் ஆரியங்காவுக்குப் போனோம். தோழி டீச்சர் பள்ளித் தரையில் அதை விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து, மார்க்கர் பேனாவால் நாற்பது மலையாளப் பெயரையும் எழுதவைத்தார். கரிங்குரங்கு எழுதிய பையன் பக்கம் உறுதியில்லை என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டு, நேற்றுகூட அவன் வீட்டுப் பலாமரத்தில் இரண்டு இருந்தன என்றான். டீச்சர் அவனிடமே பேனாவைக் கொடுத்து, கேரளப் பக்கக் கட்டத்தில் தேதி போட்டு எழுதச் சொன்னார்.